சர்வர் அப்டேட்: தொடலாமா, விட்டுவிடலாமா?

சொந்த சர்வரில் மென்பொருள் நடத்துகிற கல்லூரிகள், மருத்துவமனைகள், சிறு நிறுவனங்கள் ஆகியவற்றிலிருந்து வந்த கடிதங்களில் இந்த மாதம் ஒரே கவலைதான் திரும்பத் திரும்பத் தென்பட்டது: அப்டேட் செய்யப்போய், ஓடிக்கொண்டிருப்பது நின்றுவிட்டால் என்ன செய்வது? அந்தக் கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் கோஹா மென்பொருளைச் சொந்த சர்வரில் நடத்துகிறோம். உபுண்டு 20.04. நிறுவிக் கொடுத்த ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். ஒருநாள் டெர்மினலில் 'அப்டேட்கள் காத்திருக்கின்றன' என்று பார்த்துவிட்டு அப்கிரேட் கமாண்ட் கொடுத்தேன். உபுண்டுவோடு சேர்ந்து கோஹாவும் புதிய பதிப்புக்குத் தாவிவிட்டது. நடுவில் ஏதோ கேள்வி கேட்டது, 'ஒய்' அழுத்தினேன். மறுநாள் தமிழ்த் தலைப்புகளைத் தேடினால் ஒன்றுகூட வரவில்லை. வெளியாள் வந்து சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று. அதன்பின் இரண்டு வருடமாக சர்வரைத் தொடவில்லை. அடுத்த கல்வியாண்டில் கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது. தொடலாமா, அப்படியே விட்டுவிடலாமா ஐயா?
(நூலகர், கலை அறிவியல் கல்லூரி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: விட்டுவிடக் கூடாது. உபுண்டு 20.04-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டன. கோஹாவிலும் இடைப்பட்ட காலத்தில் பல ஓட்டைகளை அடைத்திருக்கிறார்கள். தொடர் இதழ்கள் பிரிவில், தாமதமான இதழ்களின் பட்டியலை எடுக்கும் பக்கத்தின் வழியாக டேட்டாபேஸுக்குள் தன் கட்டளையை நுழைக்க ஒருவருக்கு இடம் இருந்தது. 24.11.02 பதிப்பில் அதை அடைத்தார்கள்; 2025-ல் விவரம் எல்லோருக்கும் தெரிய வெளியானது. இரண்டு வருடமாகத் தொடாத சர்வரில் அந்த வழி இன்னும் திறந்தே கிடக்கிறது. மாணவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதே டேட்டாபேஸில்தான் இருக்கின்றன.

அன்று நடந்ததைப் பிரித்துப் பார்ப்போம். இரண்டு தனித்தனிச் சம்பவங்கள் ஒரே இரவில் நடந்திருக்கின்றன.

முதலாவது, கோஹா தாவியது. கோஹாவுக்கு ஒவ்வொரு ஆண்டும் மே மாதமும் நவம்பர் மாதமும் புதிய பதிப்பு வரும், 24.05, 24.11 என்று ஆண்டும் மாதமுமாகப் பெயர் வைப்பார்கள். உங்கள் சர்வர் எந்தக் கிடங்கிலிருந்து கோஹாவை எடுக்க வேண்டும் என்று சொல்லும் ரெப்போ கோப்பில் பதிப்பு எண்ணுக்குப் பதில் 'ஸ்டேபிள்' என்ற சொல் இருக்கும் என்று நினைக்கிறேன். நிறுவும்போது பலரும் அப்படித்தான் எழுதிவிடுகிறார்கள். பெயரைப் பார்த்தால் மாறாமல் நிற்கும் என்று தோன்றும். ஆனால் அது ஒரே பதிப்பில் நிற்காது, புதிய பதிப்புகள் வர வர அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் 24.11 என்பதுபோல் எண்ணை எழுதிவிட்டால், அந்தப் பதிப்புக்கான திருத்தங்கள் மட்டுமே வரும். நீங்கள் சொல்லாமல் அடுத்த பதிப்புக்குப் போகாது. அதற்கு ஈடாக ஒரு பொறுப்பு உங்களுக்கு வருகிறது: அந்தப் பதிப்பின் ஆதரவுக் காலம் எப்போது முடிகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அதற்குள் நீங்களே அடுத்ததற்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, தமிழ்த் தேடல் போனது. கோஹாவில் தேடலைக் கவனிப்பது ஜீப்ரா என்ற இன்டெக்ஸ் நிரல். அது முதலில் வரும் அமைப்பில் தமிழ்ச் சொற்களைச் சரியாகப் பிரித்து இன்டெக்ஸ் செய்யாது. அதற்காக ஐசியூ என்ற முறைக்கு மாற்ற வேண்டும்; அந்த மாற்றம் எட்சி போல்டருக்குள் இருக்கும் ஒரு கன்ஃபிக் கோப்பில் கையால் செய்யப்படுவது. உங்கள் சர்வரை நிறுவிய ஆசிரியர் அதைச் செய்திருக்கிறார். அப்கிரேட் ஓடும்போது, 'இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், நாங்களும் புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறோம், எதை வைக்கட்டும்?' என்று கேட்கும். 'ஒய்' என்றால் அவர்களுடையது, 'என்' என்றால் உங்களுடையது. வெறுமனே என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும். நீங்கள் அழுத்திய 'ஒய்' அந்த ஐசியூ அமைப்பை அடித்துவிட்டது என்பதே என் கணிப்பு. உங்கள் பழைய கோப்பு அதே போல்டரில் 'டிபிகேஜி-ஓல்டு' என்ற வாலோடு இன்னும் இருக்கும், பாருங்கள். அதோடு, சர்வரின் லாக் போல்டரில் ஆப்ட் என்ற உட்போல்டருக்குள் ஹிஸ்டரி என்று ஒரு கோப்பு இருக்கும். எந்தத் தேதியில் எந்த பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்பது வரிவரியாக அதில் எழுதப்பட்டிருக்கும். பழைய மாதங்களின் பதிவுகளைச் சுருக்கி அருகிலேயே வைத்திருக்கும். ஒரு வாரம் தேடியதை அதில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். சர்வர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதலில் படிக்கக் கற்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான்.

ஆக, 'அப்டேட்' என்ற ஒரே பெயரில் மூன்று வேலைகள் நடக்கின்றன. உபுண்டு தன் பதிப்புக்குள்ளேயே தரும் சிறு திருத்தங்கள் ஒன்று. கோஹா ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இரண்டாவது. உபுண்டுவே 20.04-லிருந்து 22.04-க்கும், அங்கிருந்து 24.04-க்கும் போவது மூன்றாவது. முதலாவதைக் கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். மற்ற இரண்டையும் ஒத்திகை பார்க்காமல் செய்யக் கூடாது. மூன்றையும் ஒரே இரவில் செய்தால், கெட்டுப்போனது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேல் இத்தனை மாற்றங்களையும் அடுக்காதீர்கள். துறையில் கழித்துப்போட்ட, ஆனால் ஓடக்கூடிய ஒரு கணினியைக் கேட்டு வாங்குங்கள். எட்டு ஜிபி ரேம் இருந்தால் உங்கள் அளவு நூலகத்துக்குத் தாராளம். அதில் உபுண்டு 24.04-ஐப் புதிதாகப் போட்டு, அதனோடு பொருந்தும் கோஹா பதிப்பை நிறுவி, உங்கள் நூலகத்தின் பெயரில் ஒரு இன்ஸ்டன்ஸ் உருவாக்குங்கள். பழைய சர்வரில் கோஹா-டம்ப் கமாண்ட் ஓட்டினால் இரண்டு கோப்புகள் கிடைக்கும்: ஒன்று டேட்டாபேஸ், மற்றது அமைப்புகள். டேட்டாபேஸ் கோப்பைப் புதிய கணினியில் ஏற்றி, ஸ்கீமாவை, அதாவது டேட்டாபேஸின் டேபிள் அமைப்பை, மேம்படுத்தும் கோஹா கமாண்டைக் கொடுத்தால், இடையில் விட்டுப்போன பதிப்புகளின் மாற்றங்கள் எல்லாம் வரிசையாக உள்ளே போகும். பெரிய டேட்டாபேஸ் என்றால் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள். பிறகு ஐசியூ அமைப்பைச் செய்து, ஜீப்ரா இன்டெக்ஸை முழுதாகப் புதிதாகக் கட்டுங்கள். ஸ்கேன் செய்து ஏற்றிய கோப்புகள் ஏதும் இருந்தால் அவை டம்ப்பில் வந்திருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள்.

ஸ்கீமா ஒருமுறை மேலே போய்விட்டால் கீழே இறக்க வழி இல்லை. பழைய கோஹாவை மறுபடி நிறுவினாலும் புதிய டேட்டாபேஸோடு அது பேசாது. அதனால்தான் இந்த வேலையை நகலின் மேல் செய்யச் சொல்கிறேன். நகலில் எது உடைந்தாலும் உங்கள் நூலகத்தில் இஷ்யூ கவுன்ட்டர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.

நகல் வைத்திருக்கும்போது ஒரு எச்சரிக்கை. முழுச் சர்வரையும் அப்படியே குளோன் செய்தால், அந்தக் குளோனும் 'புத்தகத்தைத் திருப்பவில்லை' என்று மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்துவிடும். கோஹாவில் புதிதாக உருவாக்கும் இன்ஸ்டன்ஸுக்கு மின்னஞ்சல் அணைத்தே இருக்கும், அதை இயக்காதீர்கள். குளோன் என்றால் முதல் வேலையாக அணையுங்கள்.

நகல் ஓடத் தொடங்கியதும், ஒரு தாளில் உங்கள் அன்றாட வேலைகளை எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். ஒரு சோதனை உறுப்பினருக்குப் புத்தகம் இஷ்யூ செய்வது, ரிட்டர்ன் எடுப்பது, அபராதம் போடுவது, பார்கோடு அச்சிடுவது, வாசகர்கள் தேடும் ஓபேக் பக்கத்தில் தமிழில் ஒரு தலைப்பும் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பும் தேடுவது, நாக் குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கைகளை எடுப்பது. அறிக்கைகளை மறக்காதீர்கள். சொந்தமாக எழுதிய எஸ்கியூஎல் அறிக்கைகள், டேட்டாபேஸின் டேபிள் அமைப்பு மாறும்போது வேலை செய்யாமல் போவது கோஹாவில் அடிக்கடி நடக்கும். இதைக் குழு வருவதற்கு முந்தின நாள் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

எல்லாம் சரியென்று உறுதியான பிறகு, செமஸ்டர் விடுமுறையில் ஒரு நாள் காலை இஷ்யூ, ரிட்டர்னை நிறுத்தி, அன்றைய டம்ப் எடுத்து, அதே படிகளை மறுபடி செய்து, புதிய கணினிக்குப் பழைய சர்வரின் ஐபி முகவரியைக் கொடுங்கள். இடையில் யாராவது புத்தகம் கொண்டுவந்தால் அக்சஷன் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளலாம். பழைய சர்வரை அணைத்து, அழிக்காமல், ஒரு செமஸ்டர் முழுக்க வைத்திருங்கள். நாக் வருகைக்கு முந்தைய இரண்டு மாதங்களில் பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருள் சர்வரில் தினமும் இரவு தானாக பேக்கப் ஓடுகிறது. வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு பிரதி. அப்டேட்டுக்கு முன் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?
(கணக்கு அலுவலர், தனியார் மருத்துவமனை, தஞ்சாவூர்)

பதில்: அதைத் திருப்பி ஏற்றிப் பார்த்தது உண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் கேட்கிறேன்.

கிட்லேப் என்ற நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைச் சொல்கிறேன். அவர்களே மறைக்காமல் முழுதும் எழுதி வெளியிட்ட விவரம் இது. பழுது பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் போல்டரை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்க ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தினசரி டம்ப் ஏன் இல்லை என்று பார்த்தால், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6-ல் ஓட, டம்ப் எடுக்கும் நிரல் 9.2-ஆக இருந்திருக்கிறது. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு இரவும் அது தோற்றுப்போனது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலோ, பெறும் பக்கத்தில் ஏற்கப்படாமல் திரும்பிவிட்டது. பேக்கப் கிடங்கைத் திறந்தால் காலி.

அவர்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? ஒத்திகைச் சர்வருக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த ஒரு பிரதி. அதிலிருந்து மீட்டார்கள், இடைப்பட்ட ஆறு மணி நேரத் தகவல் போயே போய்விட்டது.

இந்தச் சம்பவத்தில் உங்களுக்கு வேண்டியது முழுவதும் இருக்கிறது. பேக்கப்பைச் சோதிப்பதும் அப்டேட்டை ஒத்திகை பார்ப்பதும் தனித்தனி வேலைகள் இல்லை. நேற்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றுங்கள். ஏறிவிட்டால் பேக்கப் நல்ல பேக்கப் என்று தெரிந்துவிட்டது. அதே நேரம் அப்டேட்டைச் செய்து பார்க்க ஒரு நகலும் கிடைத்துவிட்டது. ஏறியதும் கடைசி பில் எண் என்ன, நேற்று எத்தனை நோயாளிகள் பதிவானார்கள் என்று இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். கோப்பின் அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள்.

விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுபவர்கள் அப்டேட்டுக்கு முன் ஸ்னாப்ஷாட் எடுப்பார்கள். நல்ல பழக்கம், நிமிடத்தில் பின்வாங்கலாம். ஆனால் ஓடும் டேட்டாபேஸை ஸ்னாப்ஷாட் எடுப்பது, மின்சாரம் திடீரென்று போன கணத்தை அப்படியே பிடித்து வைப்பதற்குச் சமம். ஆகவே அதற்கு முன் டேட்டாபேஸ் டம்ப்பும் தனியாக எடுத்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கும் என்பதால் டிஸ்க் போனால் அதுவும் போகும். இரண்டு நாள் கழித்து ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அந்த இரண்டு நாள் பில்களும் காணாமல் போகும். எனவே திரும்புவதா வேண்டாமா என்ற முடிவை அப்டேட் முடிந்த சில மணி நேரத்துக்குள், புதிய பில்கள் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

வெளி ஹார்டு டிஸ்க்கில் இருப்பது நோயாளிகளின் தகவல். என்கிரிப்ட் செய்து பூட்டி வையுங்கள்.

கேள்வி: உபுண்டுவில் அப்டேட்டைத் தானாக நடக்கவிடலாமா? சிலர் உடனே அணைக்கச் சொல்கிறார்கள்.
(சிஸ்டம் நிர்வாகி, சேலம்)

பதில்: பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக விடுங்கள். மற்றவற்றை வேண்டாம். அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ் உபுண்டு சர்வரில் நிறுவும்போதே இந்த அளவோடுதான் இயங்குகிறது. ஒரே பதிப்புக்குள் ஓட்டையை மட்டும் அடைத்துத் தரும் சிறு திருத்தங்கள் அவை. அவற்றால் மென்பொருள் உடைவது அரிது. அவை இல்லாமல் சர்வர் உடைக்கப்படுவது அரிது அன்று.

அதோடு வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வெளி ரெப்போக்களிலிருந்து போட்ட டாக்கர், பிஎச்பி, கோஹா போன்றவற்றை அது தானாகத் தொடாது. அவை உங்கள் கணக்கு. கெர்னல் திருத்தம் டிஸ்க்கில் இறங்கிவிட்டாலும், ரீபூட் செய்யும்வரை பழைய கெர்னல்தான் ஓடும்; தானாக ரீபூட் ஆகும் வசதி ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். லைப்ரரிகளும் அப்படியே. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, புதிய பதிப்பை இறக்கிவிட்டு வெப்சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதவர்களின் மெமரியில் பழைய ஓட்டைதான் ஓடிக்கொண்டிருந்தது. எதையெல்லாம் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி பட்டியல் தரும். அதைப் படியுங்கள்.

எந்தப் பெரிய அப்டேட்டுக்கும் முன்னால் சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஒரு வருடம் அணையாமல் ஓடிய கணினியில், யாரோ எப்போதோ மாற்றிய மவுன்ட் அமைப்போ, பூட் ஆகும்போது தொடங்க மறந்த சேவையோ ஒளிந்திருக்கும். அப்டேட் செய்து ரீபூட் ஆன பிறகு அது வெளிப்பட்டால் பழி அப்டேட்டின் மேல் விழும். நீங்களும் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். பூட் பார்ட்டிஷனைத் தனியாக வைத்தவர்கள் அதில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிரம்பினால் அப்டேட் பாதியில் நிற்கும்.

'சில பேக்கேஜ்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன' என்று ஆப்ட் சொன்னால் பெரும்பாலும் பிழை இல்லை. பாதுகாப்பு சாராத அப்டேட்களை உபுண்டு எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் படிப்படியாகத் திறக்கிறது. உங்கள் முறை வரும். வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். படிப்படியாகத் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது; விமானங்கள் நின்றன. நான்கு சர்வர்கள் வைத்திருந்தால், எதில் கெட்டால் தாங்குவீர்களோ அதில் முதலில் செய்து, ஒருநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

கேள்வி: டிசைன் கோப்புகளைப் பகிர நெக்ஸ்ட்கிளவுடும் போஸ்ட்கிரெஸும் டாக்கரில் வைத்திருக்கிறோம். இமேஜ்களைப் புதிதாக இழுத்ததும் டேட்டாபேஸ் கன்டெய்னர் தொடங்க மறுத்தது. டாக்கர் என்றால் அப்டேட் எளிது என்றார்களே!
(பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்)

பதில்: பதற வேண்டாம், உங்கள் தகவல் அநேகமாக அப்படியே பத்திரமாக இருக்கிறது. இமேஜின் பெயருக்குப் பின்னால் 'லேட்டஸ்ட்' என்று இருந்திருக்கும், அல்லது ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ் 15-ல் எழுதிய கோப்புகளை 16 நேரடியாகத் திறக்காது. பெரிய பதிப்பு மாறும்போது டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும், அல்லது அதற்கென உள்ள மாற்றும் கருவியை ஓட்ட வேண்டும். இப்போதைக்கு கம்போஸ் கோப்பில் பழைய பெரிய எண்ணை எழுதித் தொடங்குங்கள், ஓடும். ஓடியதும் முதல் வேலையாக டம்ப் எடுங்கள்.

இனி 'லேட்டஸ்ட்' வேண்டவே வேண்டாம். டேட்டாபேஸுக்கு 15 என்பதுபோல் பெரிய எண்ணையாவது நிறுத்தி வைத்தால், அதற்குள் வரும் சிறு திருத்தங்கள் கிடைக்கும், தாவல் நடக்காது. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு, அவசரமே இல்லை. ஆல்பைன் இமேஜுக்கும் டெபியன் இமேஜுக்கும் இடையே மாறாதீர்கள். எழுத்துகளை வரிசைப்படுத்தும் லைப்ரரி இரண்டிலும் வேறு. வரிசை மாறினால் பழைய இன்டெக்ஸ்கள் தவறாகிவிடும். தேடினால் இருக்கிற பதிவும் இல்லை என்று வரும், பிழைச் செய்தியும் வராது. ஏற்கெனவே மாறியிருந்தால் ரீஇன்டெக்ஸ் செய்துவிடுங்கள்.

நெக்ஸ்ட்கிளவுடுக்கு இன்னொரு விதி உண்டு. அது பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க விடாது. 28-லிருந்து 30-க்குப் போக 29-ல் இறங்கித்தான் போக வேண்டும். எனவே வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் வேலை குறையாது, படிகள்தான் கூடும். டாக்கர் நிரலை மாற்றுவதை எளிதாக்கியிருக்கிறது. தகவலை மாற்றுவது முன்பு எவ்வளவு கவனம் கேட்டதோ இப்போதும் அவ்வளவு கேட்கிறது.

கேள்வி: அப்டேட் ஓடும்போது மின்சாரமோ இணைப்போ போய்விட்டால்?
(பாலிடெக்னிக் ஆசிரியர், விருதுநகர்)

பதில்: இணைப்பு போவதற்கு எளிய தீர்வு உண்டு. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனதும் டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீன் திறந்து அதற்குள் அப்டேட்டை ஓட்டுங்கள். உங்கள் மடிக்கணினி அணைந்தாலும் சர்வரில் வேலை தொடரும். மறுபடி உள்ளே போய் அதே திரையைப் பிடித்துக்கொள்ளலாம். உபுண்டுவின் பெரிய பதிப்பு மாற்றும் நிரல் இந்த ஆபத்தை அறிந்து, 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச் வாசலைத் திறந்து வைக்கும். ஃபயர்வாலில் அதற்கு வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

மின்சாரத்துக்கு யூபிஎஸ் தவிர வேறு வழியில்லை. அதன் பேட்டரி உண்மையில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதை, அப்டேட் நாளுக்கு முன் வேறொரு பழைய கணினியை மாட்டி அளந்து கொள்ளுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்நிறுத்தம் அறிவித்திருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். பாதியில் நின்றேவிட்டால், கையில் கிடைத்த கமாண்டையெல்லாம் கொடுக்காதீர்கள். பாதியில் விட்ட பேக்கேஜ்களை முடித்துத் தரும்படி டிபிகேஜிக்கு ஒரு கமாண்ட் உண்டு; பெரும்பாலான நேரம் அது ஒன்றே சரிசெய்துவிடும். அதன் திரைச்செய்தியை முழுதாகப் படித்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

கேள்வி: எங்கள் சர்வர் இணையத்தில் இல்லை, அலுவலக லேனுக்குள் மட்டும்தான். பல வருடமாக நன்றாக ஓடுகிறது, எதற்குத் தொடுகிறாய் என்று மேலாளர் கேட்கிறார். என்ன சொல்வது சார்?
(இளநிலை நிர்வாகி, கோயம்புத்தூர்)

பதில்: 2017-ஐச் சொல்லுங்கள். விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே திருத்தம் கொடுத்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற நச்சு நிரல் தாக்கியது மே 12. ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அது உள் நெட்வொர்க் வழியாகவே அடுத்தடுத்த கணினிகளுக்குத் தானாகப் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் மூன்றில் ஒரு பங்கு நிர்வாகங்கள் பாதிக்கப்பட்டன. அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. திருத்தம் கையில் இருந்தும் போடாமல் கிடந்த எட்டு வாரங்களுக்குக் கொடுத்த விலை அது. உங்கள் லேனிலும் யாரோ ஒருவரின் மடிக்கணினியும், எங்கிருந்தோ வந்த பென்டிரைவும், வைஃபையில் சேர்ந்த கைபேசியும் இருக்கத்தான் செய்கின்றன.

மேலாளரின் பயத்தையும் மதியுங்கள். வேலை நிற்கக் கூடாது என்பது நியாயமான கோரிக்கை. அதனால் அவரிடம் 'அப்டேட் செய்யட்டுமா' என்று மட்டும் கேட்காதீர்கள். பேக்கப்பை ஏற்றிப் பார்க்கப் பழைய கணினி ஒன்று, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், அந்த நேரத்தில் மென்பொருள் ஓடாது என்று எல்லோருக்கும் முன்னறிவிப்பு, அப்டேட் முடிந்ததும் சரிபார்த்துச் சொல்லக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர். இவற்றை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த மாதமே கேளுங்கள்.